பதிமூன்று வரை எண்ணும் குரல்

கச்சேரி முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குள் இசைக்குழுத் தலைவரிடமிருந்து அவளுக்கு முப்பது மின்னஞ்சல் வந்துவிட்டது. முதல் மின்னஞ்சல் நன்றி சொல்லித் தொடங்கியது. இரண்டாவதிலேயே நன்றி காணாமல் போயிருந்தது. மூன்றாவதிலிருந்து ஒரே பல்லவிதான்: டிரம்ஸ் வாசிக்கிறவன் வாயால் எண்ணுவது ஒலிப்பதிவில் கேட்கிறது, அதை எடு. எடுக்க வரவில்லை என்று அவள் பதில் போட்டால், முயற்சி செய் என்று வரும். செய்துவிட்டேன் என்றால், இன்னொரு முறை செய் என்று வரும். காலையில் பல் தேய்க்கும்போதே அந்த மனிதரின் நினைப்பு வந்து தொலைத்தது.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. கூடம் என்றதும் பெரிய கண்ணாடி அறையையும் புகழ்பெற்ற பாடகர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது மாடியில், பல் மருத்துவருக்கும் வக்கீலுக்கும் நடுவே, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய இரண்டு அறை, அவ்வளவுதான். பல் மருத்துவர் ராவுகிற நேரம் பார்த்துப் பதிவை நிறுத்த வேண்டும். அங்கே அவள் பதிவு செய்ததெல்லாம் லிஃப்டுக்குள் ‘கதவு மூடுகிறது’ என்று சொல்லும் குரல், வங்கிக்குப் போன் போட்டால் ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று கொஞ்சும் குரல், மருந்து விளம்பரத்தின் கடைசியில் பக்க விளைவுகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குரல். ஊரில் பாதி லிஃப்டுகளில் அவள் கைவேலைதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் அவள் கணவர் வீட்டுக்கு வந்து, ‘இன்றைக்கு உன் ஆள் என்னை மாட்டிவிட்டான்’ என்று அவளிடம்தான் புகார் சொல்வார்.

காது என்ற பெயர் சும்மா வரவில்லை. பேசுகிறவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் துடிப்பு மைக்கில் விழுந்தால் அடுத்த அறையிலிருந்து கண்டுபிடித்துக் கழற்றச் சொல்வாள். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போகப் போவதை, கெட்டுப்போவதற்கு இரண்டு நாள் முன்பே சொன்னவள். அந்தக் காதைத்தான் நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து பத்தொன்பது நாளாகப் பாடாய்ப் படுத்தினார்கள்.

அவர்கள் ஒரு இசைக்குழு. புரோகிரசிவ் ராக் என்று அதற்குப் பெயர். அதாவது, ஒரு பாட்டு இருபத்து நாலு நிமிடம் ஓடும். முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் கைதட்டினால் அது முடிந்திருக்காது. காலால் தாளம் போடலாம் என்று பார்த்தால் கால் தடுமாறும், ஏனென்றால் மற்றவர்களைப் போல நாலு நாலாக எண்ணாமல் பதிமூன்று பதிமூன்றாக எண்ணுவார்கள். நடுவில் ஏழாக மாறும். நமக்குப் பழகிவிட்டது என்று தெரிந்ததும் மறுபடி பதிமூன்றாக மாற்றிவிடுவார்கள். அவள் கணவர் ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கு, ஆனால் யாருக்கோ கோபம் என்று மட்டும் சொன்னார்.

குழுவின் தலைவர்தான் பாட்டு எழுதுகிறவர், பாடுகிறவர், கிட்டார் வாசிக்கிறவர், மற்றவர்களைத் திட்டுகிறவர். பகலில் கட்டட வரைபடம் போடும் வேலை. ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் சாப்பாடு இறங்காத மனுஷர். பேஸ் கிட்டார்காரரும் கீபோர்டுகாரரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டியே தலை நரைத்தவர்கள். நாலாவது ஆள், டிரம்ஸ் வாசிக்கிறவன், அவளுடைய உடன்பிறந்த தம்பி.

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறான். கற்றுக்கொடுக்கிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? அந்தப் பிரேக்கை அவனைப் போல மிதிக்க யாராலும் முடியாது என்று பள்ளியில் சொல்வார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் தானே சமாளித்து நிறுத்திவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். இவனும் வாயைத் திறக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாத்திரத்தை உடைத்தது அக்காவாக இருக்கும், அம்மாவிடம் அடி வாங்கியது அவனாக இருக்கும். அக்காவுக்கு அதில் நன்றியை விட எரிச்சல்தான் அதிகம். உடைத்தவளுக்கும் ஒரு மானம் உண்டு அல்லவா?

இருபத்தெட்டு வருடமாக இந்த நாலு பேரும் வாசிக்கிறார்கள். இதுவரை ஒரு ஆல்பம் வெளியே வந்ததில்லை. இரண்டு முறை கூடத்தில் பதிவு செய்தார்கள். முதல் தடவை, வேகம் ஒரு இழை கூடிவிட்டது என்று தலைவர் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை, பதிவு முடிந்த மறுநாள் பாட்டின் மூன்றாம் பகுதியையே மாற்றி எழுதிக்கொண்டு வந்து நின்றார். அப்படிப்பட்டவர் போன வருடக் கடைசியில் திடீரென்று, கூடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே நாளில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்துவிடுவோம், இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆரம்பித்தார். இவருக்கு என்ன அவசரம் வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. எப்படியோ புத்தி வந்ததே என்று காதும் ஒத்துக்கொண்டாள். தம்பி வாசிப்பது ஒரு இசைத்தட்டிலாவது ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒரு மனிதன் வாசித்தான் என்பதற்கு அவன் செத்த பிறகு ஏதாவது அத்தாட்சி வேண்டாமா?

பள்ளிக்கூடக் கலையரங்கம் ஒன்றைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். இருநூறு நாற்காலி. ஏசி உறுமுகிறது என்று காது அதை அணைக்கச் சொல்லிவிட்டதால் வந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு மைக் வைத்தாள். டிரம்ஸுக்கு மட்டும் ஏழு. தலைவர் டிரம்ஸை ஒட்டியே நின்றுகொண்டார். கூட்டம் பாட்டு முடியாத இடத்தில் இரண்டு முறை கைதட்டியது. அதைத் தவிர எல்லாமே நன்றாக அமைந்தது. அந்த நாலு பேரும் அப்படி வாசித்து அவள் கேட்டதே இல்லை. ஹெட்போனைக் கழற்றியபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அத்துடன் விட்டிருக்கலாம்.

மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மைக்காகக் கேட்டபோதுதான் தம்பியின் குரல் வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தொடங்கிப் பதிமூன்று வரை, மறுபடி ஒன்று, மறுபடி பதிமூன்று. டிரம்ஸில் இடது கைப் பக்கத்துச் சிம்பல் தட்டுக்கு மேல் வைத்த மைக்கில் பிசிறில்லாமல் கேட்டது. அதை அடைத்தால் தலைக்கு மேலே வைத்த இரண்டு மைக்கிலும் கேட்டது. நடுநடுவே ‘அண்ணா, இப்ப’ என்று ஒரு முனகல் வேறு. கம்ப்யூட்டரில் குரலை மட்டும் உருவி எடுக்கப் பார்த்தாள். குரலோடு சிம்பலின் உயிரும் சேர்ந்து வந்தது. மிச்சமிருந்தது தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான்.

வேலைக்கு முன்பு காலையில் இரண்டு மணி நேரம், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி என்று பத்தொன்பது நாளும் அந்தக் குரலோடு மல்லுக்கட்டினாள். ‘ஏழு’ என்பதை அடக்கினால் ‘எட்டு’ தலைதூக்கியது. எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கும்போது சாதாரணக் காதுக்கு அது ஏதோ மூச்சு மாதிரிதான் கேட்கும், அப்படியே விடலாம் என்று தலைவருக்கு எழுதினாள். விடவே கூடாது, மூச்சாகக்கூடக் கேட்கக் கூடாது என்று பதில் வந்தது. ஒரு குரலுக்கு இவ்வளவு ஆத்திரமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி மேலும் கோபம். பழைய ஒத்திகைப் பதிவுகள் அவளிடம் இருந்தன. அவற்றில் அவன் வாய் திறந்ததே இல்லை. உறக்கத்தில் எழுப்பினாலும் பதிமூன்றை எண்ணாமலே வாசிக்கிறவனுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

முப்பதாவது மின்னஞ்சல் கதையை வேறு திசைக்குத் திருப்பியது. இருபத்து நாலு நிமிடப் பாட்டில் பதினேழாவது நிமிடத்தில் டிரம்ஸ்காரன் இரண்டு எண்ணிக்கையை முழுங்கிவிட்டான், குரல் பிரச்சினையும் தீரவில்லை, ஆகவே டிரம்ஸை மட்டும் வேறு ஒருவரை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்துவிடலாம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் வருகிறோம் என்று எழுதியிருந்தார்.

அவள் உடனே பதினேழாவது நிமிடத்தைப் போட்டுக் கேட்டாள். அந்த இடத்தில் கிட்டார் நாலு சுற்று சும்மா இருக்க வேண்டும். கீபோர்டு மட்டும் மெல்ல எழும்பி அறையை நிரப்பும். நாலாவது சுற்றில் பதிமூன்று முடிந்த பிறகுதான் கிட்டார் நுழைய வேண்டும். தம்பியின் மைக்கைத் தனியாகத் திறந்தாள். பத்து, பதினொண்ணு என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கிட்டார் வந்து விழுந்துவிட்டது. தவறு தலைவருடையது. தம்பி கண் இமைக்கும் நேரத்தில் மிச்சம் இரண்டை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறான். மற்ற இருவரும் அவனைப் பிடித்துக்கொண்டு தாவியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. காப்பாற்றியவன் தலையிலேயே பழியைக் கட்டுகிறார் மனுஷர்.

அன்று மதியம் தம்பியைக் கூப்பிட்டாள். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே அவன் பள்ளியின் காரிலேயே வந்து, கூடத்துக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் நிறுத்தினான். அவள் ஏறி ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் தன் வழக்கமான பக்கத்துக்கு மாறிக்கொண்டான், காலடியில் பிரேக்குடன். கண்டுபிடித்ததையெல்லாம் அவள் கொட்டினாள். அவன் துணியால் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

“தெரிஞ்சுமா சும்மா இருக்கே? உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடப் போறாரு.”

“போடட்டும்க்கா. பாட்டு வெளிய வந்தா போதும்.”

“அதுல நீ இருக்க மாட்டியேடா. இருபத்தெட்டு வருஷம்.”

அவன் துணியை நாலாக மடித்தான். எண்ணுகிற பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டாள். வயசாகிறது, மறந்து போகிறது என்றான். அவனுக்கா மறக்கிறது என்று அவள் திட்டத் தொடங்கினாள். அவன் வழக்கம்போல எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்று கேட்டான்.

“அந்த மைக்கைத் தனியா யாருக்கும் போட்டுக் காட்டாதேக்கா. அண்ணனுக்கு முக்கியமாக் காட்டாதே. எனக்காக.”

அண்ணன் என்று அவன் சொன்னது தலைவரை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஜென்மம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. இவனோடு மல்லுக்கட்ட இனித் தெம்பில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினாள். கார்க் கதவைச் சாத்திய சாத்தில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். இரண்டு நாற்காலிக்கு மேல் போட இடமில்லாத அறை. பேஸ்காரரும் கீபோர்டுகாரரும் சுவரோரம் நின்றார்கள். தம்பி கதவருகே ஸ்டூலில். தலைவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குகள் எழுதிய தாள்களை மேஜையில் பரப்பினார். எந்தச் சுற்றில் யார் எப்போது நுழைய வேண்டும் என்று சிவப்பிலும் நீலத்திலும் கட்டம் கட்டி எழுதியிருந்தது. அவள் பாட்டைப் போட்டாள். பதினேழாவது நிமிடம் வந்ததும் தலைவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

இங்கேதான் போயிற்று, பதினொன்றுக்குப் பிறகு ஒன்றுக்குத் தாவிவிட்டான் என்று தாளில் விரலால் தட்டினார். வேறு ஆள் தயாராக இருக்கிறார், அடுத்த வாரம் வாசித்துவிடுவார் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கணக்கைத் திருத்துகிற தொனிதான். பேஸ்காரர் ஷூவைப் பார்த்தார். கீபோர்டுகாரர் கூரையைப் பார்த்தார். இந்த இருவரும் அன்று மேடையில் இருந்தவர்கள்தானே, ஒருத்தராவது வாயைத் திறக்கலாமே என்று காது பல்லைக் கடித்தாள். அப்போது தம்பி வாயைத் திறந்தான்.

“ஆமாண்ணா. என் தப்புதான். எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

அவளுக்கு அதோடு பொறுமை செத்தது. வாக்காவது ஒன்றாவது. மற்றப் பதினைந்து மைக்கையும் மூடினாள். இடது கைப் பக்கத்து மைக்கை மட்டும் திறந்து, சத்தத்தை முழுதாக ஏற்றினாள்.

அறை முழுக்கத் தம்பியின் குரல். எட்டு. ஒன்பது. பத்து. பதினொண்ணு. தூரத்தில் எங்கோ கேட்பது போலக் கிட்டார் நுழைந்தது. உடனே குரல் வேகமாக, பதற்றமாக, ‘வந்துட்டாரு, வந்துட்டாரு’ என்றது. பிறகு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்தது.

“அக்கா, நிறுத்து” என்றான் தம்பி. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. முகம் சிவந்து, ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான். அடி வாங்கியபோதெல்லாம் வராத கோபம் இப்போது அவள் மேல் வந்திருந்தது. அவள் நிறுத்தினாள். தலைவர் அசிங்கப்பட்டுப் பேச்சற்றுப் போவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தது. அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, முதலிலிருந்து போடு என்றார். அதே மைக்கை மட்டும் என்றார்.

போட்டாள். வேறு வழியில்லை.

பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அண்ணா இப்ப. கிட்டார் நுழைந்தது. இரண்டு சுற்று போயிற்று. பன்னெண்டு, அண்ணா இப்ப. தலைவரின் பாட்டு தொடங்கியது. ஏழாக மாறுகிற இடத்தில், ‘அண்ணா, ஏழு, ஏழு’ என்று குரல் ரகசியமாக எச்சரித்தது. தலைவர் நுழைய வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விநாடி முன்னால் அந்தக் குரல் அவரைத் தொட்டு எழுப்பியது. மற்ற இருவருக்கும் ஒரு முறைகூட அது எதுவும் சொல்லவில்லை.

பத்தொன்பது நாளாக இதைத்தான் அவள் கேட்டாள். எத்தனையாவது விநாடியில் வருகிறது, எவ்வளவு உரக்க வருகிறது, எதை வெட்டினால் மறையும் என்று ஒவ்வொரு எழுத்தையும் அளந்து வைத்திருந்தாள். யாரிடம் சொல்கிறான் என்று மட்டும் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. மறந்து போகிறது என்று காரில் அவன் சொன்னது யாருடைய மறதியை? கணக்கு மனுஷருக்குக் கணக்கு நழுவத் தொடங்கியிருக்கிறது. தம்பிக்குத் தெரியும். ஷூவைப் பார்த்தவருக்கும் கூரையைப் பார்த்தவருக்கும் தெரியும். அந்த மனுஷரிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் மூன்று பேரும் ஊமையாக நின்றிருக்கிறார்கள். அதை இவள் ஸ்பீக்கரில் போட்டு, பெரிதாக்கி, அவருக்கே கேட்க வைத்துவிட்டாள். காது என்று பெயர் வேறு. அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தம்பியின் பக்கம் திரும்ப முகம் இல்லை.

தலைவர் ஆறேழு நிமிடம் அசையாமல் கேட்டார். அடுத்த அறையில் பல் மருத்துவர் யாருக்கோ ராவத் தொடங்கினார். கை காட்டியதும் அவள் நிறுத்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“டிரம்ஸை மாத்த வேண்டாம்” என்றார் அவளிடம். “குரலையும் எடுக்க வேண்டாம்.”

பிறகு நாற்காலியைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். மின்னஞ்சல்களில் இருந்த அதே சிடுசிடுப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

“அன்னிக்குக் கீபோர்டு சத்தத்துல, எட்டுக்கு மேல உன் குரல் எனக்குக் கேக்கவே இல்லடா. நானா ஒரு குத்துமதிப்பாத்தான் உள்ள வந்தேன். இனிமே கொஞ்சம் சத்தமா எண்ணு.”

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“சரிண்ணா” என்றான்.